ஒரு வருத்தத்துக்கு மூன்று டொக்டர்: உங்கள் அனுபவம் என்ன?

பாமசிக்காரன், திருகோணமலை:
நகரத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். பின்னேரமானால், விசேட வைத்தியர்கள் காசுக்குப் பார்க்கும் சனல் சென்டர்களின் மருந்துத் துண்டுகள் வரத் தொடங்கும். போன கிழமை இருமலுக்கு மருந்து எடுத்தவர் இந்தக் கிழமை அதே இருமலோடு, ஆனால் வேறு டொக்டரின் துண்டோடு நிற்பார். "முதல் தந்தது கேட்கேல்லை தம்பி." எங்கள் நாட்டில் இதற்குத் தடையும் இல்லை. காலையில் அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் (ஓ.பி.டி.) காசில்லாமல் காட்டலாம். பின்னேரம் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே விசேட வைத்தியரைச் சனல் பண்ணலாம்.

முழங்கால் நோவோடு வந்த ஓர் அம்மா பையைக் கவிழ்த்துக் காட்டினார். டிஸ்பென்சரியில் கொடுத்த சின்னச் சின்னக் கடதாசி உறைகள். மேலே "காலை 1, இரவு 1" மட்டும்தான், மருந்தின் பெயர் இல்லை. அவற்றோடு ஒரு வோல்டரன் அட்டை. கையில் இருந்த புதுத் துண்டிலோ டைக்ளோபெனக். இரண்டும் ஒரே மருந்து. சேர்த்துப் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் பாடுபடும். "பழைய துண்டை டொக்டரிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன். "காட்டினா கோவிப்பார். கோவிக்காட்டியும் அதையே பார்த்து எழுதிப்போடுவார். பிறகென்னத்துக்கு இன்னொரு டொக்டர்?" அந்த இரண்டாவது காரணத்தை என்னால் முட்டாள்தனம் என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் ஏன் மாறினீர்கள்? எழுதுங்கள்.

கிண்ணியா உம்மா:
2017 மார்ச்சில் எங்கள் பக்கம் டெங்கு பொங்கியது நினைவிருக்கும். மகனுக்குக் காய்ச்சல். முதல் டொக்டர் பெனடோல் தந்து, "காய்ச்சல் விடாட்டி இரத்தம் சோதிப்பம், வாங்க" என்றார். மாமிக்குப் பொறுக்கவில்லை. "பெனடோல் எழுத ஒரு டொக்டரா?" அடுத்தவரிடம் போனோம், அங்கேயும் அதே பெனடோல். இன்னொருவரிடம் போனபோதுதான் இரத்தம் எடுத்து, பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று உடனே வார்ட்டுக்கு அனுப்பினார். மகன் சுகமாக வந்தான். இன்றைக்கும் எங்கள் தெருவில் அவர்தான் கைராசி டொக்டர். முதல் ஆள் சொன்னதும் அதே சோதனைதான் என்பது எவருக்கும் ஞாபகமில்லை.

ஓ.பி.டி. டொக்டர்:
கிண்ணியா உம்மா சொன்னதுதான் விசயம். கடைசியாகப் பார்த்தவருக்கே பெயர் போகும். டெங்குவில் முதல் நாள் இரத்தத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிளேட்லெட் பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் இறங்கத் தொடங்கும். அக்கியும் அப்படி. கொப்புளம் போடுவதற்குச் சில நாள் முன்பே நெஞ்சில் ஒரு பக்கம் எரிவும் நோவும் வரும். அப்போது பார்ப்பவர் ஈ.சி.ஜி. எடுத்து, இதயம் நல்லாக இருக்கிறது என்று அனுப்புவார். கொப்புளம் வந்தபின் பார்ப்பவருக்கு சட்டையைத் தூக்கினாலே விளங்கிவிடும். அவர் கெட்டிக்காரர், முதல் ஆள் மொக்கன்! தடிமன் மாறிய பிறகும் இருமல் இரண்டு மூன்று கிழமை இழுக்கும். நோயாளி ஒரு கிழமைதான் பொறுப்பார். அடுத்த டொக்டர் என்ன கொடுத்தாலும் அந்த நேரத்துக்கு இருமல் தானாகவே அடங்கும்.

பயம் எங்கே என்றால், காய்ச்சலோடு அலையும்போது நடுவில் யாராவது டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்ற நோக்குளிசை கொடுத்துவிடுவது. டெங்குவில் அது இரத்தக்கசிவைக் கூட்டும். "இத்தனை நாள் இருமும், மூச்சு இளைத்தால் உடனே வாங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஓ.பி.டி. வரிசையில் அந்த அரை நிமிடமும் கிடைக்காத நாட்கள் உண்டு. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒப்பரேசன் என்று சொன்னால் மட்டும் தயங்காமல் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

பாலையூற்று ஐயா:
எங்களுக்கு மொழிதான் காரணம். மனைவிக்குப் படபடப்பு. டொக்டர் சிங்களத்தில் கனநேரம் கதைத்தார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னது "ஒண்டுமில்லையாம்" மட்டும். அவ்வளவு கதைத்ததற்கு ஒண்டுமில்லையா என்று மனைவிக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. பிறகு தமிழ் டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினோம். அதே ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், அதே குளிசையைத் தொடரச் சொன்னார். ஏன் படபடக்கிறது, எதைக் குறைக்க வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நாங்கள் காசு கொடுத்தது அந்தக் கதைக்குத்தான். அதன் பிறகு வேறெங்கும் போகவில்லை.

உப்புவெளி மருமகள்:
எங்கள் வீட்டில் கண்டிக்குப் போய் வந்தால்தான் வருத்தத்துக்கே மரியாதை. அப்புறம் ஊர் டொக்டர் எழுதிய அதே மருந்தோடு வருவோம். துண்டு, ரிப்போட், குளிசை அட்டை எல்லாவற்றையும் நான் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். மாமா முதலில் தனக்கு நோகிற இடத்தைச் சொல்லி முடிப்பார், டொக்டர் பார்த்துத் தன் எண்ணத்தைச் சொல்லுவார், அதற்குப் பிறகுதான் போனை நீட்டுவேன். இதுவரை யாரும் கோவிக்கவில்லை. ஒருவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது என்ர எழுத்தெல்லோ" என்று சிரித்தார்.