36 பேருக்கு ஆபீஸ் போட்டோ எடுக்க வேண்டும்: முகத்தை வெளுப்பாக்காமல் எடுக்க என்ன சொல்லி வைக்க வேண்டும்?

கணபதி_அட்மின் (கோயம்புத்தூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கணபதி பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். ஆபீஸ், மார்க்கெட்டிங், அசெம்ப்ளி, வைண்டிங் (மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவு) எல்லாம் சேர்த்து 36 பேர் இருக்கிறோம். ஏப்ரலில் ஜெர்மனியில் ஹானோவர் கண்காட்சிக்குப் போகிறோம். அதற்குள் வெப்சைட்டில் குழுவின் பக்கம், கேட்லாக், மார்க்கெட்டிங் ஆட்களின் லிங்க்டின் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போட்டோ வேண்டும் என்று எம்டி சொல்லிவிட்டார். ஒரு குரூப் போட்டோவும் வேண்டும்.

போன தடவை இங்கே ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்து எடுத்துக் கொடுத்தார்கள். எல்லோரையும் மாவு பூசியதுபோல வெளுப்பாக்கி, தோலைத் தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்கள். வைண்டிங் செக்‌ஷனில் பல வருஷமாக இருக்கிற ஓர் அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த அக்கா அவ்வளவு லட்சணமாக இருப்பார். அந்தப் படத்தில் அது ஒன்றுமே இல்லை.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. போட்டோகிராஃபரிடம் முன்கூட்டியே என்ன பேச வேண்டும்? எந்த உடை, பொட்டு, திருநீறு, பூ இதெல்லாம் இருக்கலாமா? வேலையை நிறுத்தாமல் ஒரே நாளில் முடியுமா? செல்ஃபியைக் கொடுத்தால் ஏஐ கோட்டு சூட்டு போட்டுக் கொடுத்துவிடும் என்று எம்டியின் மகன் சொல்கிறார், அதுவும் சரிவருமா?

பெங்களூர்வாசி:

எங்கள் டீமில் பாதிப் பேர் ஏஐ படம்தான் வைத்திருக்கிறார்கள். செலவு குறைவு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். லிங்க்டினில் வட்டத்துக்குள் சின்னதாகத்தானே தெரியப் போகிறது? 36 பேரை நிற்க வைத்து எடுப்பதற்கு அது மேல் என்பது என் கருத்து.

மதுரை_ஒளிப்படம்:

வணக்கம் மேடம். கம்பெனி ஆட்களைப் படமெடுப்பதுதான் என் தொழில். அதற்கு முன்னால் ஒரு கலர் லேபில் பிரிண்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முகம் அப்படி ஆவதற்குக் காரணம் எடிட்டிங் மட்டும் இல்லை. தப்பு வெளிச்சத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மாநிறமோ கறுப்போ உள்ள ஒருவரை நிறுத்தினால், சுவரின் வெளுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருண்டுபோகும். அதைக் கணினியில் இழுத்துத் தூக்கும்போது தோலில் இருக்கிற செம்மையும் பொன்னிறமும் போய், சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. அதை மறைக்க இன்னும் வெளுப்பு, அப்புறம் ஸ்மூத். கடைசியில் ஆள் மாறிவிடுகிறார்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷர்லி அட்டை' என்பார்கள். அவர் முகம் சரியாக வந்தால் மிஷின் சரி என்று அர்த்தம். வேறு வேறு நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. அந்தப் பழைய அட்டையில் நம் ஊர் முகத்துக்கு இடம் இல்லை. இப்போது கேமரா எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் "வெளுப்பு வந்தால்தான் படம்" என்கிற பழக்கம் மட்டும் பல ஸ்டுடியோக்களில் அப்படியே இருக்கிறது.

அதனால் நீங்கள் பேசப்போகும் போட்டோகிராஃபரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "கறுப்பாக இருப்பவர், மாநிறமாக இருப்பவர், சிவப்பாக இருப்பவர், மூன்று பேரையும் ஒரே லைட்டிங்கில் எடுத்த படம் காட்டுங்கள்." கல்யாண ஆல்பம் வேண்டாம். ஆபீஸ் படம், எடிட் செய்யாததும் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பின்னணிக்கு வெள்ளைச் சுவர் வேண்டாம், நடுத்தரச் சாம்பல் நிறப் பேப்பர் ரோல் வைக்கச் சொல்லுங்கள். 2.72 மீட்டர் அகலத்தில் கிடைக்கும், கம்பெனி வேலைக்கு அது தாராளம். ஆள் அதிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நிழல் விழும். முதல் படத்துக்கு முன் கையில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) பிடிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துக்கொண்டால் 36 பேருக்கும் நிறம் ஒரே அளவில் நிற்கும்.

லைட் பெரியதாக இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். கறுத்த தோல் ஒளியைக் கண்ணாடி மாதிரித் திருப்பித் தரும், அதில்தான் முகத்தின் வடிவமே தெரிகிறது. சின்ன ஃப்ளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளியாக எரியும். மூன்று நான்கு அடி சாஃப்ட்பாக்ஸை (லைட்டுக்கு முன் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி) பக்கவாட்டில், கண்ணுக்கு மேலே வைத்தால் அந்தப் பளபளப்பு கன்னம் முழுக்க மெதுவாகப் பரவி, முகம் உயிரோடு இருக்கும். பின்பக்கமிருந்து முடியில் லேசாக ஒரு லைட் விழ வேண்டும். கறுப்பு முடி பின்னணியோடு கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவது அதுதான். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், ஃப்ளாஷோடு கலந்தால் முகத்தில் பச்சை ஏறும்.

லென்ஸ் 85 எம்எம், ஆளிடமிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் தூரம். செல்ஃபியில் மூக்கு பெரியதாகத் தெரிவதற்குக் காரணம் போன் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதுதான். அந்த செல்ஃபியை ஏஐயிடம் கொடுத்தால் அது மூக்கைத் திருத்தும், நிறத்தையும் திருத்தும், கூடவே இல்லாத கோட்டும் போடும். பெங்களூர் நண்பர் சொல்வதுபோல வட்டத்துக்குள் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஹானோவர் ஸ்டாலில் எதிரே நிற்கிற வாடிக்கையாளர், கேட்லாக்கில் பார்த்த முகத்தைத்தானே தேடுவார்?

கண்ணாடி போட்டவர்களைக் கழற்றச் சொல்ல வேண்டாம். லைட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் இம்மி தூக்கி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். உடையில் பொடிக்கட்டம், மெல்லிய கோடு வேண்டாம், கேமராவில் அலை அலையாக ஓடும். பருத்திச் சேலை, ஒரே நிறச் சட்டை அழகாக விழும். பொட்டு, திருநீறு, பூ, தொப்பி, முக்காடு, இதெல்லாம் அவரவர் தினமும் எப்படி வருகிறாரோ அப்படியே. அதை எடுக்கச் சொல்லும் உரிமை போட்டோகிராஃபருக்குக் கிடையாது. வியர்வையை ஒற்ற டிஷ்யூவும், முகம் பார்க்கக் கண்ணாடியும், சீப்பும் வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

டச்சப் பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த பரு, ஒட்டியிருக்கும் நூல், கலைந்த முடி, இவற்றை எடுக்கலாம். மச்சம், தழும்பு, சுருக்கம், நிறம் இவற்றைத் தொடக் கூடாது. கொட்டேஷனிலேயே இந்த வரி இருக்கட்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளடங்கியதா தனியா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

திருப்பூர்_எச்ஆர்:

மதுரை அண்ணன் சொன்னதோடு ஒன்று. எங்கள் கம்பெனியில் எடுக்கும்போது தையல் பிரிவில் சில பெண்கள் வெப்சைட்டில் முகம் வர வேண்டாம் என்றார்கள். கேட்லாக், வெப்சைட், லிங்க்டின், ஐடி கார்டு என்று தனித்தனியாகக் கட்டம் போட்டுத் தமிழில் ஒரு தாள் அடித்து, வேண்டியதில் மட்டும் டிக் செய்து கையெழுத்து வாங்கினோம். ஐடி கார்டு தவிர எதற்கும் கட்டாயம் இல்லை என்று சொன்ன பிறகு, தயங்கியவர்களும் நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்றவர்களை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அதையும் சூப்பர்வைசர்களிடம் சொல்லி வையுங்கள்.

கணபதி_அட்மின்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எம்டியிடம் காட்டினேன், ஏஐ பேச்சு நின்றது. இன்னும் மூன்று சந்தேகம். குரூப் போட்டோவில் எப்போதும் மேனேஜர்கள் நாற்காலியில், மற்றவர்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம். இதை மாற்ற எனக்கு ஆசை. ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் புதிதாக ஆள் சேர்ந்தால் என்ன செய்வது?

மதுரை_ஒளிப்படம்:

ஒருவருக்கு ஆறேழு நிமிடம் போதும். 36 பேர் என்றால் நான்கு மணி நேரம், டீ நேரத்தையும் சேர்த்து ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷனுக்கு இரண்டிரண்டு பேராக அனுப்பினால் லைன் நிற்காது. படம் எடுத்ததும் திரையில் அவருக்கே காட்டி, பிடித்ததை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அந்த வைண்டிங் அக்காவை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். அவர் முகம் மலர்ந்து வெளியே போனால் மற்றவர்கள் பயமில்லாமல் வருவார்கள். "சிரிங்க" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டருக்குக் கம்பி சுற்றுவதைப் பற்றிக் கேளுங்கள், பேச்சின் நடுவில் எடுத்துவிடலாம். கையை எங்கே வைப்பது என்று தவிக்கிற ஃபிட்டரிடம் ஓர் இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கொடுங்கள், தோள் தானாக இறங்கிவிடும்.

குரூப்புக்கு மூன்று வரிசை: 12 பேர் உட்கார, 12 பேர் நிற்க, 12 பேர் பெஞ்சு மேல். யார் உட்காருவது என்பதை உயரத்தையும் வயதையும் வைத்து முடிவு செய்யுங்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி முதலில். எம்டி நடு வரிசையில் தொழிலாளிகளோடு தோள் உரசி நின்றால் மற்ற மேனேஜர்களும் பேசாமல் கலந்து நிற்பார்கள். அவரிடம் முந்தின நாளே நீங்கள் பேசிவிட வேண்டும், ஷாட் எடுக்கும் இடத்தில் அதை ஆரம்பிக்கக் கூடாது. வெயிலில் நிறுத்தாதீர்கள், கண் இடுங்கும். காலை ஒன்பதுக்குள் ஷெட்டின் நிழல் பக்கம், 50 எம்எம் லென்ஸ், 10 மீட்டர் தூரம், லென்ஸின் திறப்பு எஃப் 8 (மூன்று வரிசையும் தெளிவாக விழ). அகன்ற லென்ஸ் போட்டு நெருங்கினால் ஓரத்தில் நிற்பவர்கள் முகம் இழுபடும். 36 பேரில் யாராவது கண் மூடியிருப்பார்கள், அதனால் குறைந்தது 15 ஷாட் வேண்டும்.

புது ஆளுக்கு வழி இருக்கிறது. அன்றைக்கு லைட் ஸ்டாண்டு, ஸ்டூல், கேமரா மூன்றின் இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, உயரத்தையும் செட்டிங்கையும் எழுதி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் வேறு போட்டோகிராஃபர் வந்தாலும் அதே மாதிரி எடுக்கலாம்.

படங்களை வாட்ஸப்பில் வாங்க வேண்டாம், சுருங்கிவிடும். பென் டிரைவில் முழு அளவு ஜேபெக் வாங்குங்கள், ஸ்டாலில் ஆள் உயர ஸ்டாண்டி அடிக்க அது வேண்டும். வேறு ஒப்பந்தம் போடாதவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை. அதனால் கையெழுத்துப் போடும் முன் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

கணபதி_அட்மின்:

மூன்று பேரிடம் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன் அண்ணா. ஒருவர்தான் எடிட் செய்யாத படத்தையும் திறந்து காட்டினார். வர்ற சனிக்கிழமைக்கு அவரைச் சொல்லியிருக்கிறேன். வைண்டிங் அக்காவுக்கு எட்டரை மணி, முதல் ஆள்.