பாட்டி டிரங்குப் பெட்டியும் 100 க்யாட் நோட்டும் (குரூப்: பர்மா தாத்தா வீடு)

தம்பி: போட்டோ பாருங்க எல்லாரும். பாட்டி டிரங்குப் பெட்டிய க்ளீன் பண்றப்ப பட்டுப்புடவ மடிப்புல இருந்துச்சு. மொத்தம் 7 நோட்டு, ஒவ்வொன்னும் 100 க்யாட், பர்மா காசு. வித்தா எவ்ளோ வரும்?

அக்கா: படத்துல யாருடா அது, தாத்தா கடைய புடுங்குனானே அவனா

சித்தப்பா: அது ஆங் சான், பர்மா சுதந்திரத்துக்குப் போராடுனவரு, நல்லவரு. புடுங்குனது நே வின், ஆட்சியப் புடிச்ச ஜெனரல்

அத்தை: டேய் அத ஏன் எடுத்த, அப்பா வச்சது அது. நான் வாய்ஸ் டைப்பிங்ல பேசறேன் தப்பா வந்தா நீங்களே சரி பண்ணிப் படிச்சுக்கோங்க, க்யாட்டுனு நாங்க யாரும் சொன்னதில்ல சாட்டுனுதான் சொல்லுவோம், எனக்கு அப்ப பத்து வயசு, 64 மார்ச்ல ரங்கூன் மொகல் தெருல இருந்த கடைய எடுத்துக்கிட்டாங்க, ஒரு ஆர்மிக்காரனும் ரெண்டு க்ளார்க்கும் வந்து தராசுப் படிக்கல்லு வரைக்கும் எண்ணி நோட்டுல எழுதிக்கிட்டாங்க, சாவிய வாங்கிட்டு வாசல்ல மக்கள் கடைன்னு நம்பர் போட்டு போர்டு மாட்டிட்டாங்க, சரி கையில ரொக்கமாச்சும் இருக்கேன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, மே மாசம் 50ம் 100ம் செல்லாதுன்னு நீ வின் சொல்லிட்டான்

தம்பி: நீ வின்னா? அப்ப லாஸ் யாரு

அத்தை: நாமதாண்டா

நான்: மாத்திக்க டைமே குடுக்கலயா அத்தை

அத்தை: கொண்டாந்து குடு பாப்போம்னாங்க. எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துட்டு அப்பா கொஞ்சத்த புடவைக்குள்ள சொருகிட்டாரு, எப்பயாச்சும் ஆட்சி மாறும்னு

அக்கா: செட்டியாருங்க வயல் எல்லாம் கூட அவன்தான எடுத்தான்

மாமா: இல்லம்மா, அது தப்பு. நிலத்த நாட்டுடைமை ஆக்கற சட்டம் 1948லயே வந்தாச்சு, அது பிரதமர் ஊ நூ காலம். நே வின் எடுத்தது பேங்க், மில்லு, கடைங்க. 63, 64ல. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பி வந்தாங்க

சித்தப்பா: மாமா ஆரம்பிச்சுட்டாரு, இனி க்ளாஸ்தான்

மாமா: கேட்டாத்தான் சொல்வேன்

நான்: கேக்கறேன் மாமா, அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது

மாமா: சொந்தப் பேரு ஷூ மாங். காலேஜ முடிக்காம போஸ்ட் ஆபீஸ்ல க்ளார்க்கா இருந்தவரு. 1941ல ஆங் சானோட சேந்து முப்பது பேரு ஜப்பான்காரன்கிட்ட ட்ரெயினிங் எடுக்க ஹைனான் தீவுக்குப் போனாங்க, அதுல இவரும் ஒருத்தர். அங்கதான் நே வின்னு பேரு வச்சுக்கிட்டாரு, சூரியன் மாதிரி பிரகாசம்னு அர்த்தம். 47ல ஆங் சான சுட்டுட்டாங்க. 49ல இவரு தளபதி. 58ல ஊ நூவே கூப்ட்டு கொஞ்ச நாள் ஆட்சியப் பாத்துக்கோன்னாரு, இவரும் 60ல எலக்சன் வச்சு திருப்பிக் குடுத்துட்டாரு

சித்தப்பா: எனக்கு அதுதான் புரியாது மாமா. ஒழுங்கா குடுத்துட்டுப் போனவன் 62ல ஏன் திரும்ப வந்தான்

மாமா: ஷான் மாநிலத்துக்காரங்க எல்லாம் கூட்டாட்சி கேட்டாங்க, ஊ நூ பேச்சுவார்த்தை நடத்துனாரு. விட்டா நாடு துண்டாயிரும்னு ஆர்மி சொல்லுச்சு. அது ஒரு காரணம். ஆனா 58ல ருசி பாத்துட்டாங்கல்ல, அதான் பெரிய காரணம்னு நான் சொல்வேன். மார்ச் 2 விடியக்காலம் பிரதமரப் புடிச்சு உள்ள வச்சுட்டு ஆட்சிய இவரு எடுத்துக்கிட்டாரு. ஜூலைல யுனிவர்சிட்டி பசங்க மேல துப்பாக்கிச்சூடு, மறுநாள் காலைல மாணவர் சங்கக் கட்டடத்துக்கே வெடி வச்சுட்டாங்க

அத்தை: கட்டடம் விழுந்ததப் பத்தி அப்பா வீட்டுக்குள்ளகூட மெதுவாதான் பேசுவாரு

அக்கா: ஜோசியப் பைத்தியம்னு சொல்லுவீங்களே அது இவன்தானா

சித்தப்பா: இவனேதான். 1970 டிசம்பர்ல ஒரே நாள்ல ரோட்டுல எல்லாரும் இடப்பக்கத்துலேந்து வலப்பக்கம் மாறணும்னுட்டான், ஜோசியர் சொன்னாருன்னு ஊர்ப் பேச்சு. பஸ்ஸு எல்லாம் பழைய பஸ்ஸு, கதவு இடப்பக்கம், எறங்குறவன் நடுரோட்டுல எறங்கணும்

தம்பி: சூப்பர்

சித்தப்பா: குதிர ரேஸ ஊர்ல தடை பண்ணிட்டு அவன் மட்டும் இங்கிலாந்து போயி ரேஸ் பாத்துட்டு வருவான். 85ல இன்னொரு தடவ நோட்டு செல்லாதுன்னான், 75 க்யாட்டுனு புதுசா ஒன்னு விட்டான், அவனுக்கு 75 வயசாம். 87 செப்டம்பர்ல அந்த 75ம் செல்லாது, 25ம் 35ம் செல்லாது, மாத்தியும் தர மாட்டேன். அதுக்குப் பதிலா 45, 90. அவனுக்கு ராசி நம்பர் 9, கூட்டிப் பாரு

நான்: 4ம் 5ம் 9... 9ம் 0ம் 9. அடப்பாவி

மாமா: அங்கதான் அவரு விழுந்தாரு. ஜனங்க கையில இருந்த காசுல பாதிக்கு மேல ஒரே நாள்ல காகிதம், பசங்களுக்கு ஃபீஸ் கட்ட வச்சிருந்த பணம் போச்சு. அந்த டிசம்பர்லயே ஐ.நா. பர்மாவ ரொம்பப் பின்தங்கின நாடுங்க லிஸ்ட்ல சேத்துச்சு, ஒரு காலத்துல உலகத்துக்கே அரிசி அனுப்புன ஊரு. 88 மார்ச்ல ஒரு டீக்கடைச் சண்டை, அதுலேந்து போராட்டம் பத்திக்கிச்சு. ஜூலை 23 ராஜினாமா. அந்தப் பேச்சுலயே ஆர்மி சுட்டா வானத்தப் பாத்து சுடாதுன்னு மிரட்டுனாரு. 62ல கட்டடத்த இடிக்கச் சொன்னது நான் இல்லன்னும் சொன்னாரு, 26 வருசம் கழிச்சு!

சித்தப்பா: சொன்ன மாதிரியே சுட்டாங்க. 8-8-88லேந்து செப்டம்பர் வரைக்கும் 3,000 பேருன்னு சொல்றாங்க. கடைசில செப்டம்பர் 18 இன்னொரு ஜெனரல் ஏறிக்கிட்டான். இவன் எறங்குனான், ஆர்மி எறங்கல. 2021ல ஆர்மி திரும்ப ஆட்சியப் புடிச்சதும் அதே கததான

அக்கா: அவன் என்ன ஆனான்

மாமா: ஏரிக்கரை வீட்டுல 14 வருசம் இருந்தாரு. 2002ல மருமகனும் மூணு பேரனுங்களும் ஆட்சியக் கவுக்கப் பாத்தாங்கன்னு புடிச்சு உள்ள போட்டாங்க, தூக்குத் தண்டனைன்னு தீர்ப்பு, ஆனா தூக்குல போடல. கிழவனுக்கு வீட்டுக்காவல். டிசம்பர் 5 செத்தாரு, அன்னைக்கே எரிச்சுட்டாங்க, ராணுவ மரியாதை கெடையாது, சொந்தக்காரங்க கொஞ்சப்பேரு, அவ்ளோதான்

அத்தை: அந்த நியூஸ அப்பாகிட்ட நான்தான் வாசிச்சுக் காட்டினேன், அவருக்கு அப்ப கண்ணு சரியா தெரியாது, வியாசர்பாடி வீட்டுத் திண்ணைல உக்காந்திருந்தாரு, ஏதாச்சும் திட்டுவாருன்னு பாத்தேன், மருமகன் பேரன் எல்லாம் ஜெயில்ல இருந்தா கொள்ளி யாரு வச்சதுன்னு கேட்டாரு, பேப்பர்ல போடலப்பான்னேன், சரி காப்பி போடுன்னாரு

நான்: வேற எதுவுமே சொல்லலயா

அத்தை: இல்லப்பா

தம்பி: நெட்ல பாத்துட்டேன், இந்த நோட்டுக்கு பெருசா ஒன்னும் வராது போல. ஞாயித்துக்கிழம வரப்ப எடுத்துட்டு வரவா அத்தை

அத்தை: வேணாம், அதே மடிப்புல வை. புடவைய மட்டும் நெழல்ல காயப்போடு. வரப்ப பீச் ஸ்டேஷன் எதுத்தாப்ல அத்தோ, அதான் நம்ம பர்மா நூடுல்ஸ், வாங்கிட்டு வா, வறுத்த பூண்டு தனியா கேளு. ஆமா ஏழுன்னா சொன்ன? எட்டு இருக்கணுமே

தம்பி: எட்டுதான் அத்தை... ஒன்னு என் பர்ஸ்ல இருக்கு

அத்தை: உள்ள வைடா