தாம்பரம்–பீச் ரயிலில் விளையாட: ஸ்டீம் டெக்கா, ஸ்விட்ச் லைட்டா?

ஜன்னல்சீட்:
தினமும் தாம்பரத்தில் ஏறி பீச் வரை போகிறேன். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும், மாலையில் திரும்பும்போது நின்றுகொண்டுதான். வீட்டுக் கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிப் போட்ட கேம்கள் அறுபதுக்கு மேல் கிடக்கின்றன; பாதியைத் தொட்டதே இல்லை. அதனால் அந்தக் கேம்களைக் கையில் பிடித்தே விளையாட உதவும் ஸ்டீம் டெக் ஓஎல்இடி மேல் ஆசை. தம்பியோ நின்டெண்டோவின் சின்னக் கையடக்கக் கேம் கருவியான ஸ்விட்ச் லைட் போதும் என்கிறான். இரண்டையும் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பழையகேட்ரிட்ஜ்:
என்னிடம் இரண்டும் இருக்கின்றன, நானும் அதே ரயில்தான். டெக் 640 கிராம், லைட் 275. படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. கூட்டத்தில் நின்றுகொண்டு நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், தெரியும். டெக்கின் அகலம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். முழங்கை பக்கத்து ஆள் விலாவில்தான் இருக்கும். உறையோடு பையில் வைத்தால் டிபன் பாக்ஸுக்கு இடமில்லை. லைட்டை டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே செருகிவிடுவேன்.

ஆனால் உட்கார்ந்துவிட்டால் டெக்தான் ராஜா. பிடி கைக்குள் அப்படியே பொருந்தும். மவுஸ் தேவைப்படும் கேம்களுக்கு இரண்டு டிராக்பேட், பின்னால் நான்கு பொத்தான்கள், 7.4 அங்குலத் திரை. லைட்டின் 5.5 அங்குலத்தில் சில கேம்களின் எழுத்தைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிய வேண்டியிருக்கிறது. அதை டிவியிலும் இணைக்க முடியாது.

ரயிலுக்கு முக்கியமான இன்னொன்று: பவர் பொத்தானைத் தட்டினால் இரண்டுமே அப்படியே உறங்கும், எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஸ்டார்டூ வேலி என்ற விவசாய கேமில் நம் ஆள் படுத்துத் தூங்கினால்தான் கேம் சேமிக்கப்படும். அதற்குள் கோட்டை ஸ்டேஷன் வந்துவிடும்! இந்த வசதி இல்லாவிட்டால் தினமும் அதே தக்காளிக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

பேட்டரி: டெக்குக்கு 3 முதல் 12 மணி நேரம், லைட்டுக்கு 3 முதல் 7 என்கிறார்கள். கனமான கேம் போட்டால் இரண்டும் மூன்றின் பக்கம்தான். டெக்கில் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்) 45க்குக் குறைத்தால் கொஞ்சம் நீளும். அதன் சார்ஜர் 45 வாட். என் பழைய பவர்பேங்க் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

மூன்றாம்லெவல்:
அறுபது கேம் வைத்திருப்பவருக்கு லைட் எதற்கு அண்ணா? ஒவ்வொன்றையும் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். டெக்கில் லாகின் செய்தால் போதும். ஆனால் எல்லாமே ஓடிவிடாது: ஃபோர்ட்நைட்டும் வேலரன்ட்டும் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் வேலை செய்யாது. மற்றதற்கு ஸ்டீம் கடைப் பக்கத்தில் டெக்குக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், இரண்டுமே இங்கே இறக்குமதிக் கடைகள் வழியாகத்தான் வருகின்றன. பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சட்டைப்பை:
இரண்டும் வேண்டாம். சோனியின் பழைய கையடக்கக் கருவியான என் பிஎஸ்பி 3000 வெறும் 189 கிராம், இன்னும் ஓடுகிறது. பேட்டரிதான் இரண்டு முறை மாற்றினேன்.

பழையகேட்ரிட்ஜ்:
@ஜன்னல்சீட், வாங்கும் முன் ஒரு சோதனை. எவர்சில்வர் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய டெக் கனம் வரும். மாலை ரயிலில் இரண்டு கையாலும் பிடித்து நின்று பாருங்கள்.

ஜன்னல்சீட்:
நின்று பார்த்தேன். எழும்பூர் வருவதற்குள் பாட்டில் பைக்குள் போய்விட்டது, எதிரில் இருந்த அம்மா வேறு தண்ணீர் கேட்டார். இருந்தாலும் அறுபது கேமை மறுபடி வாங்க மனசு வரவில்லை. காலையில்தான் உட்கார்ந்து போகிறேனே, டெக்கே வாங்கிக்கொள்கிறேன். மாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவேன்.