அம்மா தினமும் மாலையில் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்கிறார். உண்மையைச் சொல்வதா, வேண்டாமா?

கேள்வி: கும்பகோணத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வந்திருப்பது அல்சைமர் வகை மறதிநோய் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்தார். அப்போதிருந்து இரவு உணவுக்குப் பிறகு டோனெபெசில் மாத்திரை கொடுத்து வருகிறோம். முதல் இரண்டு ஆண்டுகள் சாவியைத் தேடுவதும் சொன்னதையே திரும்பச் சொல்வதுமாகக் கழிந்தன. கடந்த ஆறு மாதங்களாக நிலைமை வேறாகிவிட்டது.

மாலை ஐந்து மணியானால் ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவைகள், ஒரு சீப்பு, பூஜையறையிலுள்ள சிறிய பித்தளைச் சொம்பு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறார். "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும், அப்பா தேடுவாங்க" என்கிறார். அவர் சொல்லும் வீடு திருவையாற்றில் இருந்த அவருடைய பிறந்த வீடு. அதை 1987-இல் விற்றுவிட்டார்கள். தாத்தா அதற்கும் முன்பே காலமாகிவிட்டார்.

சில நாட்களில் என் அப்பாவைக் கேட்கிறார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அப்பா தவறி ஆறு வருடம் ஆகிவிட்டதம்மா என்று சொல்லிவிட்டேன். அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவரைப் போல அவர் கதறிய கதறலை என்னால் மறக்க முடியவில்லை. "எங்கிட்ட ஏண்டா யாருமே சொல்லல?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டார். அதன்பிறகு, அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்றே சொல்லி வருகிறேன். பொய் பேசக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தவரிடமே தினமும் பொய் சொல்வது நெஞ்சை உறுத்துகிறது.

சென்னையிலிருக்கும் என் தம்பி, தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, நன்றாகத்தானே பேசுகிறார் என்கிறான். இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் என் மனைவி. அவர் மிகவும் இளைத்துப்போய்விட்டார். நான் செய்வது சரியா? இனி வரப்போவதற்கு எப்படித் தயாராக வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மதுரை மருமகள்

அண்ணா, என் மாமியாரை எட்டு ஆண்டுகள் இதே நோயோடு பார்த்துக்கொண்டவள் நான். உங்கள் உறுத்தல் எனக்கும் இருந்தது. அத்தை காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், நான் சொன்ன எந்தப் பொய்க்காகவும் வருந்தவில்லை. முதல் ஆண்டில் அவரோடு வாதாடி, "இல்லை, தப்பு, நினைத்துப் பாருங்கள்" என்று நான் திருத்திய ஒவ்வொரு முறையையும் நினைத்துத்தான் வருந்துகிறேன். துக்கச் செய்தியைப் பதிய வைத்துக்கொண்டு, அழுது, மெல்ல ஆறுவதற்கு நினைவு வேண்டும். அந்த நினைவு இல்லாதவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு.

ஆனால் "கடைக்குப் போயிருக்கிறார்" என்று முடித்துவிடாமல், அவரைப் பற்றியே பேச வையுங்கள். "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். என் அத்தை மாமாவைத் தேடும்போது நான் அப்படித்தான் கேட்பேன். மாமாவுடன் சித்திரைத் திருவிழாவுக்குப் போனதில் தொடங்கி அவர் பேசிக்கொண்டே இருப்பார், தேடல் அடங்கிவிடும். வீட்டுக்குப் போகவேண்டும் என்பதும் அப்படித்தான். பயமோ சோர்வோ பசியோ வந்தால், பத்திரமாக இருந்த ஓர் இடத்தை மனம் கேட்கிறது. அந்த நேரத்தில் "இதுதானே நம் வீடு" என்று சொன்னால் அவருடைய பயம் கூடுகிறது. நான்கரை மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். மாலை நிழல் தரையில் நீளும்போதுதான் கலக்கம் அதிகமாகிறது. நாலு மணிக்குச் சிற்றுண்டியும் காபியும் கொடுத்துவிடுங்கள். அப்படியும் கிளம்பினால் நீங்களும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். அத்தை ஒரு கட்டத்தில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் என்று நினைத்தோம். ஒரு விசேஷ நாளில் வாழை இலை போட்டு வைத்தபோது முழுச் சோற்றையும் சாப்பிட்டார். மறுநாள் எவர்சில்வர் தட்டில் வைத்தால் தொடவில்லை. மறுபடி இலையில் வைத்தால் சாப்பிட்டார். தட்டின் பளபளப்பில் வெள்ளைச் சோறு அவருக்குத் தனியாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கண் நன்றாக இருந்தாலும், நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் இந்த நோயில் குறைந்துபோகிறது. அன்றிலிருந்து இலை, இலை கிடைக்காத நாளில் அடர்நிறத் தட்டு. குளிக்க வைக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் அலறுவார். முதலில் பாதத்தில் ஒரு சொம்பு ஊற்றி, "சூடு போதுமா அத்தை" என்று கேட்டுவிட்டு மேலே வந்தால் அமைதியாக இருப்பார்.

கைகள் கடைசிவரை மறப்பதில்லை. எங்கள் பெயர்கள் எல்லாம் போன பிறகும் மடியில் மல்லிகையைக் கொட்டினால் நெருக்கமாகக் கட்டிக் கொடுப்பார். பூ இல்லாத நாட்களில் வெறும் நாரையே முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் அம்மா ஆசிரியர் அல்லவா? பழைய நோட்டுப் புத்தகங்களையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்துப் பாருங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், திருச்சி

தம்பி, மேலே அந்தப் பெண் எழுதியிருப்பது பொன்னான அனுபவம். நான் பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று வலிநிவாரண சிகிச்சைப் பணி செய்தவள் என்பதால், நோய் முற்றும்போது குடும்பங்கள் தவறவிடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்த நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்தான் இறங்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று குழப்பம் அதிகமானாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைதல், கீழே விழுந்ததால் தலைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் அவில் போன்ற மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். டோனெபெசிலை இரவில் கொடுத்தால் சிலருக்குக் கெட்ட கனவுகள் வந்து தூக்கம் கெடும். காலையில் மாற்றிக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மனைவியின் இரவுகளுக்கு அதுவே உதவக்கூடும். அமைதிப்படுத்துவதற்கென்று எழுதிக் கொடுக்கும் மனநோய் மாத்திரைகளால் இந்த நோயாளிகளுக்குப் பக்கவாதத்துக்கும் மரணத்துக்குமான வாய்ப்பு கூடுகிறது. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மட்டும் அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பின்னாளில் விழுங்குவது சிரமமாகும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு தொண்டையில் கரகரப்பு, வாயிலேயே சோற்றை அடக்கி வைத்திருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் உள்ளே போனது தெரிந்த பிறகே அடுத்த வாய் கொடுக்கவேண்டும்; சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. வெறும் தண்ணீர்தான் எளிதில் புரையேறும். கூழ், தயிர், மசித்த சோறு போலக் கெட்டியாக இருப்பவை இறங்கும்.

கடைசிக் கட்டத்தில் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்ற கேள்வி வரும். நோய் முற்றிய நிலையில் அந்தக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போய் வரும் தொற்றைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கையால் ஊட்டும் இரண்டு வாய் போதும் என்று முடிவெடுத்தவர்கள் பட்டினி போட்டவர்கள் ஆகமாட்டார்கள். இந்தப் பேச்சை நெருக்கடி வந்த இரவில் மருத்துவமனை வராந்தாவில் வைத்துக்கொள்ளாமல், இப்போதே தம்பியையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. சென்னை வரும்போது கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவ மையத்தில் காட்டலாம்.

உங்கள் தம்பியைப் பற்றி: வந்து போகிறவர்களிடமும் தொலைபேசியிலும் இந்த நோயாளிகள் முழு முயற்சியோடு நன்றாகப் பேசிவிடுவார்கள். உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிவது அந்த ஐந்து நிமிடம்தான். பத்து நாள் வந்து தங்கச் சொல்லுங்கள், இரவுக் காவலையும் அவரிடமே கொடுங்கள்.

பதில்: முன்னாள் வங்கி அலுவலர்

மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பணவிஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். பலரும் பெற்றோர் சார்பில் பணத்தைக் கையாள அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால், நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. அதன்பிறகு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வரம்புக்குட்பட்ட பாதுகாவலராக நியமனம் பெறுவது போன்ற வழிகளைத்தான் நாடவேண்டும். ஆகவே தங்கள் தாயார் தெளிவாக இருக்கும் நாட்கள் இன்னும் இருந்தால், மருத்துவரின் கருத்தைப் பெற்று, அவருடைய விருப்பப்படி செய்யவேண்டியவற்றை இந்த மாதமே செய்யுங்கள். கையொப்பம் மாறத் தொடங்கியிருந்தால் வங்கியில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். படுக்கையிலிருக்கும் ஓய்வூதியர் கைநாட்டு வைத்தோ, அதுவும் இயலாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைத்தோ, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் பணம் எடுக்க விதி இருக்கிறது. மறுத்தால் கிளை மேலாளரிடம் வலியுறுத்திக் கேளுங்கள். முதியவரைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு வரவேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்: கும்பகோணத்து மகன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரையை மருத்துவரின் சம்மதத்தோடு காலைக்கு மாற்றினோம். இரவில் இப்போது ஒருமுறைதான் எழுந்திருக்கிறார். சிறுநீரில் தொற்றும் இருந்தது. எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

சிவப்புப் பேனா கொடுத்தோம். பக்கம் பக்கமாகத் திருத்துகிறார். எழுத்துகள் கலைந்துபோய்விட்டன, ஆனால் மதிப்பெண் போட்டு வட்டமிடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று மாலை மஞ்சள் பையை நான் வாங்கிக்கொண்டு அவரோடு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தேன். அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போவாராம். எனக்கு இதுவரை தெரியாத செய்தி. எங்கள் வாசலுக்கு வந்ததும், "நல்லவேளை, இருட்டுறதுக்குள்ள வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பைப் பூஜையறையில் வைத்தார்.

தம்பி வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. நேற்றிரவு இரண்டு மணிக்கு அம்மா அவனை யாரென்று கேட்டிருக்கிறார். காலையில் சமையலறையில் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். பிறகு, மாதத்தில் ஒரு வாரம் தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அந்த வாரத்தில் என் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போகிறார். வங்கி மேலாளரை வரும் திங்களன்று பார்க்கிறோம்.