டிவி ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்காக: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பின்வரிசை:
டிஸ்க் எத்தனை டிபி (டெராபைட், அதன் கொள்ளளவு) என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நள்ளிரவில் கால்பந்து இறுதி ஆட்டம். மறுநாள் வேலை, அதனால் ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் படுத்தேன். யாராவது முடிவைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று காலையில் போனைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் சமன். கூடுதல் நேரமும் சமன். பெனால்டி. கடைசி உதைக்கு ஆள் ஓடி வருகிறார், கோல்கீப்பர் இடப்பக்கம் சாய்கிறார், கால் இன்னும் பந்தில் படவில்லை, திரையில் 'பதிவு முடிந்தது, அழிக்கவா?' என்று வந்து நின்றது. அந்தச் சாய்ந்த தோள் இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. கைடு (பெட்டி திரையில் காட்டும் நிகழ்ச்சி அட்டவணை) இரண்டேகால் மணி நேரம்தான் கணக்குப் போட்டிருந்தது. அதற்கு மேல் அரை மணி நேரம்தான் நீட்டலாம், அதுதான் அந்தப் பெட்டியின் எல்லை. 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, கூடுதல் நேரம் 30, நடுவே வீணாகும் நேரம் வேறு. கடையில் கேட்க வேண்டியது இதைத்தான்: முடியும் நேரத்தை எவ்வளவு தள்ளி வைக்கலாம்?

மூத்தவள்:
ஆட்டத்தை மறுபடி எங்காவது பார்த்துவிடலாம். என் அம்மா ஒரு டிவி நிகழ்ச்சியில் பாடினார். ஒரே ஒரு முறை. செட்டாப் பாக்ஸில் நான் வாங்கிக் கொடுத்த யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில்தான் பதிவானது. அம்மா அதை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். பெட்டி பழுதானதும் சர்வீஸ்காரர் வந்து புதுசு மாற்றினார். டிஸ்கைச் செருகினோம். 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்றது, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், ஃபைல் இருக்கிறது, ஓடவில்லை. அந்தப் பெட்டியின் சாவியால் பூட்டி எழுதியது, இன்னொரு பெட்டியில் திறக்காதாம். பழைய பெட்டியை அதற்குள் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா பக்கத்தில் நின்று, "ஃபார்மட்னா என்னம்மா, அமுக்கலாமா?" என்று ரிமோட்டை நீட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. டிஸ்க் நம்முடையதாக இருக்கலாம், அதில் உள்ள பதிவு நம்முடையது இல்லை. இதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டாமா?

கம்பிக்காரன்:
பின்வரிசை, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நீட்டிக்கும் நேரம் பிரச்சினையே இல்லை. கைடில் அந்த ஆட்டத்துக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்து ரெக்கார்டிங் போட்டால் போதும். உண்மையான விஷயம் ட்யூனர், அதாவது பெட்டிக்குள் சேனலைப் பிடிக்கும் பகுதி. எங்கள் வீட்டில் ஒற்றை ட்யூனர் பெட்டி. தங்கையின் தொடர் பதிவாகிக்கொண்டிருந்தபோது நான் சேனல் மாற்றப் போனேன், 'பதிவை நிறுத்தவா?' என்று கேட்டது, பின்னாலிருந்து தங்கை கத்தினாள். என் கதை அவ்வளவுதான்.

இனி வாங்குகிறவர்கள் கவனிக்க: இரண்டு ட்யூனர் இருந்தால் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். டிஷ் என்றால் பல பெட்டிகளுக்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளை மட்டும் செருகிவிட்டு, இரண்டாவது ட்யூனர் வேலை செய்யவில்லை என்று பெட்டியைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. அப்புறம் இடம். நொடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் வரும் எச்டி சேனல் மணிக்கு சுமார் 3.6 ஜிபி எடுக்கும். 1 டிபி டிஸ்கில் ஏறக்குறைய 270 மணி நேரம் கொள்ளும், வீட்டுக்குத் தாராளம். வெளி டிஸ்க் என்றால் மின்சாரத்தையும் பாருங்கள்: யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சில டிஸ்குகள் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் இழுக்கும், 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும், பதிவு பாதியில் நிற்கும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் நல்லது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது, படம் துண்டு துண்டாகத்தான் பதிவாகும். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். படுக்கையறையில் வைப்பதென்றால் ஃபேன் சத்தத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜன்னலோரம்:
இவ்வளவு சொன்னீர்கள், சப்டைட்டிலை யாரும் சொல்லவில்லையே? அப்பாவுக்குக் காது மந்தம். நேரடியாகப் பார்க்கும்போது எழுத்து வரும், அதைப் படித்துக்கொண்டே பார்ப்பார். புது ரெக்கார்டரில் ஒரு பழைய படத்தைப் பதிவு செய்து ஆசையாகப் போட்டேன். படம் வந்தது, எழுத்து வரவில்லை. மெனு முழுக்கத் தேடிவிட்டேன், அந்தப் பெட்டி அதைப் பதிவே செய்வதில்லை. அப்பா, "பரவாயில்லம்மா, படம் பளிச்சுனு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சப்டைட்டிலும் இரண்டாவது ஒலியும் சேர்ந்து பதிவாகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத் தாளில் இது இருக்காது.

கம்பிக்காரன்:
ஜன்னலோரம், நல்ல விஷயம், இதை நான் விட்டுவிட்டேன். மூத்தவள் அக்கா, கட்டணமில்லாத சேனல்களை எடுக்கும் தனி ரெக்கார்டர்களில் சில, பூட்டாமல் டிஎஸ் ஃபைலாகவே, அதாவது ஒளிபரப்பில் வரும் வடிவிலேயே, எழுதும். கம்ப்யூட்டருக்கு அப்படியே நகலெடுக்கலாம். வாங்கிய அன்றைக்கே ஐந்து நிமிடம் பதிவு செய்து, டிஸ்கைக் கழற்றி, கம்ப்யூட்டரில் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடலாம்.

மூத்தவள்:
நன்றி தம்பி. அம்மா மறுபடி பாடப் போவதில்லை, ஆனாலும் பேத்தியின் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அதற்கு முன்னால் இப்படிச் சோதித்துப் பார்த்தே வாங்குகிறேன்.

பின்வரிசை:
கம்பிக்காரன், அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் போடும் வழியை நானும் செய்து பார்த்தேன். என் பெட்டியில் முதல் பதிவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில நொடிகள் காணாமல் போகின்றன. பெனால்டி அந்தச் சில நொடியில்தான் விழும். உங்கள் பெட்டியில் இரண்டும் ஒட்டி வருகிறதா? மாடல் பெயர் சொல்லுங்கள்.