1942இல் ஒரு புள்ளியும் விடாத கிராம்ப்ளிங் அணி: நம்பத் தகுந்த செய்தியா?

சாட்ஸ்வொர்த் வாசகர்:
வணக்கம். இனப் பாகுபாட்டுக் காலத்து விளையாட்டைப் பற்றி எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்க இந்தியரின் சாக்கர் போட்டியான சாம் சைனா கோப்பையைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் டர்பனில் பலர் இருப்பதால், அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரி அணி ஒன்றை எடுத்துக்கொண்டேன். லூசியானா மாநிலத்துக் கிராம்ப்ளிங் கல்லூரி 1942இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது என்றும், எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்றும் படித்தேன். சாக்கரில் கோல் வாங்காமல் ஒன்பது ஆட்டம் என்றால் அரிது, ஆனாலும் நடக்கக்கூடியது. அமெரிக்கக் கால்பந்தில் இது எப்படி? உண்மையென்றால், அந்த ஆண்டின் கறுப்பினக் கல்லூரி வாகையர் பட்டியலில் வேறொரு கல்லூரியின் பெயர் இருப்பது ஏன்? அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அணியைப் பற்றிய பதிவே இல்லாததற்கும் காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
ஐயா, நீங்கள் படித்தது சரியே. அக்காலத்தில் அது அறவே நடவாத செயலும் அன்று. டியூக் அணி 1938இலும், டென்னசி அணி 1939இலும் பருவ ஆட்டங்கள் முழுவதிலும் புள்ளி விடாமல் வந்து, பின்னர் பருவம் முடிந்தபின் நடக்கும் ரோஸ் பவுல் என்னும் சிறப்பு ஆட்டத்தில் தோற்றன. பந்தை எறிந்து ஆடுவது இன்றுபோல் பெருகாத காலம் அது. தாக்குவதும் தடுப்பதும் பெரும்பாலும் அதே பதினொருவரின் வேலை.

ஆனால் சாக்கர் கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால் இதன் அருமை குறைந்து தெரியும். அங்கே கோல் காப்பாளரும் தற்காப்பு ஆட்டக்காரர்களும் உறுதியாக நின்றால் பெரும்பாலும் போதும். இங்கே பந்து நம் கையில் இருக்கும்போதே எதிரணிக்குப் புள்ளி போகலாம்: எறிந்த பந்தை இடையில் பறித்துக்கொண்டு ஓடி, நம் கோல் கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டுப் புள்ளி எடுப்பார்கள், நம் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே நம் ஆளை மடக்கிவிட்டால் சேஃப்டி என்று இரண்டு புள்ளி. இவற்றுள் எதுவுமே ஒன்பது ஆட்டங்களில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், தற்காப்பு மட்டுமல்ல, தாக்குதலும் எவ்வளவு நிதானமாக இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

பயிற்சியாளர் எடி ராபின்சனுக்கு அப்போது 23 வயது. பாட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர், 1941இல் மாதம் 63.75 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவது எல்லாம் அவர் கையால்தான். உதவிக்கு இருந்தவர் கல்லூரியின் இரவுக் காவலர். கல்லூரித் தலைவர் ஜோன்ஸ்தான் பேஸ்பால் பயிற்சியாளர் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த முதல் ஆண்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டுதான் நீங்கள் கேட்கும் ஆண்டு.

இன்னொன்று. கல்லூரிக்கு அப்போது 'லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்' என்று பெயர். கிராம்ப்ளிங் கல்லூரி என்று ஆனது 1946இல். பழைய பெயரைச் சொல்லி உற்சாகக் குரல் எழுப்பி முடிப்பதற்குள் எதிரணி டச்டவுன் போட்டுவிடும் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. 1942இல் மட்டும் அது செல்லவில்லை.

லெனேஷியா நூலகர்:
ஆசிரியர் சொன்ன தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பேசும்போது பூஜ்யத்தை மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போர்க்காலத்தில் பல கல்லூரி அணிகள் தம் முழு பலத்தோடு இருந்ததில்லை. ஆகவே அமைதிக்கால ஆண்டுகளோடு அதை ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

வாகையர் பட்டியலில் நீங்கள் கண்ட பெயர் புளோரிடா ஏ அண்ட் எம் ஆக இருக்கும். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்னும் கறுப்பினப் பத்திரிகை 1920 முதல் வாகையரை அறிவித்துவந்தது. 1942இல் அது தேர்ந்தது தோல்வியே காணாத அந்த அணியைத்தான். யாரோடு மோதி வென்றார்கள் என்பதற்கும் எடை கொடுப்பது இத்தகைய தேர்வுகளின் வழக்கம். வடக்கு லூசியானாவின் சிறு கல்லூரி ஒன்றுக்கு அது சாதகமான அளவுகோல் அல்ல என்பது என் கருத்து.

அதே 1942 பிப்ரவரியில் அதே பத்திரிகைதான், வெளியே பாசிசத்தையும் உள்ளே இனப் பாகுபாட்டையும் வெல்ல வேண்டும் என்று 'இரட்டை வெற்றி' இயக்கத்தைத் தொடங்கியது. அதே போரில் நம் முன்னோர் தென்னாப்பிரிக்கப் படையின் இந்திய மலாய் படைப்பிரிவில் சேர்ந்தபோது கையில் துப்பாக்கி தராமல் வண்டியோட்டவும் பிற துணை வேலைகளுக்கும் அனுப்பினார்கள் அல்லவா? அதை அறிந்த அவைக்கு இந்தச் செய்தியை விளக்கவே வேண்டியிராது.

பதிவில்லாத இரண்டு ஆண்டுகளுக்குக் காரணம் எளிது. 1942 நவம்பரில் அமெரிக்கா கட்டாயப் படைச்சேர்க்கையின் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்தது. கல்லூரி அணியில் ஆடும் வயதே அதுதான். 1943, 1944இல் கிராம்ப்ளிங்கில் அணியே இல்லை.

சாட்ஸ்வொர்த் வாசகர்:
இருவருக்கும் நன்றி. வயதுக் குறைப்பு எனக்குப் புதிய செய்தி. அந்த இரண்டு ஆண்டுகளில் ராபின்சன் என்ன செய்தார்? வெளியூர் ஆட்டங்களுக்கு அணி எப்படிப் போய்வந்தது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

டோங்காட் பெரியவர்:
தம்பி, கல்லூரி அணி இல்லாத நாளில் அவர் கிராம்ப்ளிங் உயர்நிலைப் பள்ளிப் பையன்களைப் பழக்கி, மாநில வாகையராக்கினார். பருத்தி எடுக்கும் பருவத்தில் ஒரு தகப்பனார் தம் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வயலுக்கு அழைத்துக்கொண்டார் என்றும், ராபின்சன் மற்றப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்து அவர்களை மீட்டுவந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, பிள்ளைகளை நிறுத்திய அந்தத் தகப்பன்மேல் கோபம் வரவில்லை.

பயணத்தைக் கேட்டீர்கள். வழியில் வெள்ளையர் உணவகங்களில் கறுப்பினத்தாரை உட்காரவைக்க மாட்டார்கள் என்பதால், ராபின்சனே சாண்ட்விச் செய்து ஆட்டக்காரர்களுக்குக் கட்டிக்கொண்டு போவார். இதைப் பேசும்போது நம் நாட்டு ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற 1891ஆம் ஆண்டுச் சட்டம் 1980கள் வரை இருந்தது. நேட்டாலிலிருந்து கிம்பர்லிக்கு ஆடப் போனவர்களுக்கு நேர்வழி அந்த மண்ணைக் கடந்துதான். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு ரயில் ஏறியதை என் சிற்றப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் அவையில் முதியவர்கள் இருந்தால் அவர்களையே பேச விடுங்கள்.

1942ஓடு நிறுத்திவிடாதீர்கள். 1945இல் அணி திரும்பி வந்து பத்து ஆட்டங்களில் வென்று, இரண்டில் தோற்றது. அந்த ஆண்டு சேர்ந்த பால் 'டேங்க்' யங்கர் 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குப் போய், கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தேசியக் கால்பந்து லீக் (NFL) என்னும் தொழில்முறைப் போட்டியில் ஆடிய முதல் ஆளானார். ராபின்சன் 1997 வரை அதே கல்லூரியில் இருந்து 408 ஆட்டங்களில் வெற்றி கண்டார்.