ஷெர்ரி புட்டியில் விளைச்சல் ஆண்டு ஏன் இருப்பதில்லை?

கேள்வி: ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்துப் பழைய மது நிலையங்களில் உருவாகும் ஷெர்ரி எனும் திராட்சை மதுவின் புட்டிகளில் பெரும்பாலும் விளைச்சல் ஆண்டு காணப்படுவதில்லையே, ஏன்? பீப்பாயை நிரப்பாமல் இடம் விட்டு வைத்தால் மது கெட்டுவிடாதா?

பதில் 1: காரணம் சொலேரா முறை. அடிவரிசைப் பீப்பாய்களிலிருந்து ஒரு பங்கை மட்டும் புட்டிக்கு எடுத்து, குறைந்த அளவை மேல்வரிசையில் உள்ள சற்றே இளைய மதுவால் ஈடுசெய்து, எல்லாவற்றுக்கும் மேலுள்ள வரிசையில் புதிய மதுவைச் சேர்ப்பார்கள். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை என்பதால், ஒவ்வொரு புட்டியிலும் பல ஆண்டுகளின் விளைச்சல் கலந்தே இருக்கும்.

பதில் 2: உங்கள் இரண்டாவது ஐயத்திற்கு வருகிறேன். பாலோமினோ திராட்சையின் மதுவில் திராட்சைச் சாராயம் சேர்த்து, ஆல்கஹாலை ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு உயர்த்தி, 600 லிட்டர் பீப்பாயில் சுமார் 500 லிட்டர் மட்டும் ஊற்றினால், மேற்பரப்பில் ‘ஃப்ளோர்’ எனும் வெண்ணிற ஈஸ்ட் ஆடை படர்கிறது. அது வாழக் காற்று வேண்டும். அதேவேளை, மதுவைக் காற்றிலிருந்து காப்பதும் அதுவே. இப்படி வருவது ஃபினோ எனும் ஷெர்ரி வகை. 17 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் ஈஸ்ட் மடிந்துவிடும். மது காற்றோடு நேரடியாகக் கலந்து, பழுப்பேறி ஒலோரோசோ எனும் மற்றொரு வகை ஆகிறது. உயர்ந்த கூரையும் தண்ணீர் தெளித்த மண்தரையும் வெறும் அலங்காரமல்ல. கோடையிலும் குளிர்ச்சியும் ஈரப்பதமும் இல்லையெனில் அந்த ஆடை நலிந்துவிடும்.

பதில் 3: ஒன்றைச் சேர்க்கிறேன். சில புட்டிகளில் சொலேரா என்ற சொல்லுடன் பழைய ஆண்டு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது அந்தப் பீப்பாய் வரிசை தொடங்கப்பட்ட ஆண்டே தவிர, உள்ளிருக்கும் மதுவின் வயதன்று.